வெளியூர்க்காரர்கள் வளர்த்த திருநாள்

1950களில் மார்ச் 17 அன்று டப்ளினில் ஒருவருக்குப் பொது இடத்தில் ஒரு கிளாஸ் பீர் குடிக்க வேண்டுமென்றால் நாய்க் கண்காட்சிக்குத்தான் போக வேண்டும். அன்றுதான் அயர்லாந்தின் தேசியத் திருநாள், புனித பேட்ரிக் நாள். 1920களில் வந்த மதுச் சட்டம் அன்றைக்கு நாடு முழுக்க மதுக்கடைகளை மூடவைத்திருந்தது. ராயல் டப்ளின் சொசைட்டியின் நாய்க் கண்காட்சிக்கு மட்டும் எப்படியோ விலக்கு கிடைத்திருந்தது. நாய்களில் துளியும் ஆர்வம் இல்லாதவர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மற்றபடி காலையில் பூசை, மதியம் குரோக் பார்க்கில் விளையாட்டுப் போட்டி, கோட்டில் குத்திய ஒரு கொத்து ஷாம்ராக் என்னும் மூவிலைச் செடி. திருநாள் அதோடு முடிந்தது. அதே நாளில் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் மணிக்கணக்காக ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்.

பச்சைத் தொப்பி, மூன்று இலை, பேண்டு வாத்திய ஊர்வலம் என்று இன்று உலகம் அறிந்த புனித பேட்ரிக் நாளின் பெரும்பகுதி அயர்லாந்துக்கு வெளியே, ஊரை விட்டுப் போனவர்கள் கையில் உருவானது. சொந்த ஊரில் இருப்பவனுக்குத் தான் எந்த ஊர்க்காரன் என்று காட்டிக்கொள்ளும் தேவை இல்லை. பிழைக்கப் போனவனுக்குத்தான் அது வேண்டியிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பேட்ரிக்கே அயர்லாந்தில் பிறந்தவர் இல்லை.

அவர் ஐந்தாம் நூற்றாண்டு மனிதர். ரோமானியர் ஆட்சி முடிந்துகொண்டிருந்த, அல்லது முடிந்துவிட்டிருந்த பிரிட்டனில் பிறந்தவர். அந்தக் காலத்துப் புனிதர்களில் பலரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பிறர் எழுதியதுதான். பேட்ரிக் விஷயத்தில் அதிர்ஷ்டவசமாக அவரே எழுதிய இரண்டு லத்தீன் எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று, ‘கன்ஃபெஸ்ஸியோ’ என்று அழைக்கப்படும் தன்வரலாறு போன்ற அறிக்கை. மற்றொன்று, கொரோட்டிகஸ் என்ற சிற்றரசனின் படைவீரர்களைக் கண்டித்து எழுதிய கடிதம். பேட்ரிக்கைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

கன்ஃபெஸ்ஸியோவின் தொடக்கமே ஆளைப் பிடித்து நிறுத்தும். பேட்ரிக் ஆகிய நான் ஒரு பாவி, சுத்தப் பட்டிக்காட்டான், விசுவாசிகளில் கடையன் என்று ஆரம்பிக்கிறார். அப்பா கல்போர்னியஸ் திருத்தொண்டர். தாத்தா பொட்டிட்டஸ் குரு. தன் ஊரின் பெயரையும் சொல்கிறார், ஆனால் அந்த ஊர் எங்கே இருந்தது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. கிட்டத்தட்ட 16 வயதில் அயர்லாந்திலிருந்து வந்த கொள்ளையர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்த்து. ஆறு வருடம் அங்கே அடிமையாக ஆடு மேய்த்தார். வீட்டில் இருந்தவரை கடவுளைப் பற்றிக் கவலைப்படாத பையன், பனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து ஜெபிக்க ஆரம்பித்தான். பகலில் நூறு ஜெபம், இரவில் ஏறக்குறைய அதே அளவு என்று கணக்குச் சொல்கிறார். ஒரு நாள் கனவில் ஒரு குரல்: உன் கப்பல் தயாராக இருக்கிறது. முன்பின் தெரியாத நாட்டில் இருநூறு மைல் நடந்து ஒரு துறைக்குப் போய், முதலில் மறுத்த மாலுமிகளோடு எப்படியோ ஏறித் தப்பித்தார்.

வீட்டுக்குத் திரும்பியவரைப் பெற்றவர்கள் இனி எங்கும் போகாதே என்று கெஞ்சினார்கள். அப்புறம் இன்னொரு கனவு. விக்டோரிக்கஸ் என்ற ஒருவர் கட்டுக்கட்டாகக் கடிதங்களோடு வருகிறார். ஒன்றைப் பிரித்தால் ‘அயர்லாந்து மக்களின் குரல்’ என்று தொடங்குகிறது. மேற்குக் கடலோரக் காட்டருகே வாழ்பவர்கள், மறுபடி எங்களிடையே வந்து நட என்று அழைக்கிறார்கள். தன்னை அடிமையாக வைத்திருந்த நாட்டுக்கே அவர் ஆயராகத் திரும்பிப் போனார்.

இதையெல்லாம் அவர் எழுதியது பெருமைக்காக இல்லை. பிரிட்டன் திருச்சபையின் பெரியவர்கள் அவர்மேல் குற்றம் சாட்டியிருந்தார்கள். சிறுவயதில் செய்த ஏதோ ஒரு பாவத்தை நெருங்கிய நண்பன் ஒருவனிடம் சொல்லியிருந்தார். முப்பது வருடம் கழித்து அதையே அவருக்கு எதிராக எடுத்துப் போட்டார்கள். பணம் சேர்த்தார் என்ற பேச்சும் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால், திருமுழுக்கு கொடுத்ததற்கு யாரிடமாவது அரைக் காசு வாங்கியிருந்தால் சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று சவால் விடுகிறார். கன்ஃபெஸ்ஸியோ ஒரு முதியவரின் பதில் மனு. அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டினார், மூன்று இலையைக் காட்டிப் போதித்தார் என்று இன்று அவரைப் பற்றிச் சொல்லும் கதைகள் அதில் மருந்துக்குக்கூட இல்லை.

கடிதம் இன்னும் சூடானது. பேட்ரிக்கிடம் புதிதாகத் திருமுழுக்கு பெற்றவர்கள், நெற்றியில் பூசிய தைலத்தின் மணம்கூடப் போகாத நிலையில், கொரோட்டிகஸின் ஆட்களிடம் சிக்கினார்கள். சிலரை வெட்டினார்கள், மீதிப் பேரை அடிமைகளாகப் பிக்ட் இனத்தாருக்கு விற்றார்கள். கொரோட்டிகஸும் ஒரு கிறிஸ்தவன்தான். பிடிபட்டவர்களை விடுவிக்கச் சொல்லி பேட்ரிக் அனுப்பிய தூதுக் குழுவைப் பார்த்து அவன் வீரர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எழுதிய பகிரங்கக் கடிதம் இது. இவர்களோடு உண்ணாதீர்கள், குடிக்காதீர்கள், இவர்கள் தரும் தானத்தைத் தொடாதீர்கள் என்கிறார். நாம் அயர்லாந்துக்காரர்கள் என்பதே இவர்களுக்கு இழிவாகத் தெரிகிறது என்றும் ஓரிடத்தில் வருகிறது. பிரிட்டனில் பிறந்தவர், ‘நாம்’ என்கிறார்! அடிமை முறையையே அவர் மறுத்தாரா, அல்லது கிறிஸ்தவர்களைப் பிடித்து விற்பதை மட்டும்தான் எதிர்த்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனக்கென்னவோ அந்தக் கேள்வியைவிட, அடிமையாக இருந்த ஒருவர் தன் கையாலேயே எழுதிய எழுத்து அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருப்பதுதான் பெரிதாகப் படுகிறது. அடிமைப்பட்ட பெண்கள் படும் பாடு எல்லாவற்றையும் விடக் கொடியது என்று கன்ஃபெஸ்ஸியோவில் எழுதும்போது அவர் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறார்.

அயர்லாந்துக்கு முதன்முதலில் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர் பேட்ரிக் என்று பொதுவாகச் சொல்வதை ஒரு சின்னத் திருத்தத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 431இல் போப் முதலாம் செலஸ்டைன் பல்லாடியஸ் என்பவரை ‘கிறிஸ்துவை நம்பும் அயர்லாந்து மக்களுக்கு’ முதல் ஆயராக அனுப்பினார் என்று சமகாலத்தவரான அக்கிட்டேனின் புரோஸ்பர் எழுதியிருக்கிறார். அதாவது அங்கே ஏற்கனவே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், பேட்ரிக்குக்கு முன்பே ஓர் ஆயரும் இருந்தார். அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகள் பேட்ரிக் வந்ததை 432 என்று, பல்லாடியஸுக்கு ஒரே ஒரு வருடம் தள்ளிப் போடுகின்றன. கணக்கு கொஞ்சம் அதிகமாகவே கச்சிதமாக இருக்கிறது. இறந்த ஆண்டாக 461ஐயும் சொல்கிறார்கள், 493ஐயும் சொல்கிறார்கள். இரண்டு பேருடைய கதை ஒன்றாகக் கலந்துவிட்டது என்று 1942இல் டி. எஃப். ஓ’ராஹிலி வாதிட்டது அயர்லாந்தில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது.

சரி, மார்ச் 17 எங்கிருந்து வந்தது? அது பேட்ரிக் இறந்த நாள் என்பது மரபு. புனிதர்களுக்கு இறந்த நாளைத்தான் விண்ணகப் பிறந்தநாளாகக் கொண்டாடுவார்கள். இந்தத் தேதிக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று அயர்லாந்தில் எழுதப்பட்டதே அல்ல. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள நிவெல் மடத்தின் தலைவி கெர்ட்ரூட் 659இல் மரணப்படுக்கையில் இருந்தபோது, பக்கத்து ஃபோஸ் மடத்தில் இருந்த உல்டான் என்ற அயர்லாந்துத் துறவியிடம் ஆள் அனுப்பித் தன் முடிவு எப்போது என்று கேட்டாராம். மார்ச் 17 அன்று போய்விடுவார், பேட்ரிக் வானதூதர்களோடு வரவேற்கக் காத்திருக்கிறார், பயப்பட வேண்டாம் என்று உல்டான் பதில் சொல்லியனுப்பினார். கெர்ட்ரூட் இறந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட அவருடைய வரலாற்றில் இது இருக்கிறது. ஆக, பேட்ரிக்கின் நாளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் பேச்சே, ஊரை விட்டு வெகுதூரம் வந்த ஒரு துறவியின் வாயிலிருந்து வந்தது.

அதே ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குள் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. தன்னைப் பேட்ரிக்கின் திருச்சபை என்று சொல்லிக்கொண்ட அர்மா நகரத்துத் திருச்சபை, நாடு முழுக்கத் தானே தலைமை என்று நிலைநாட்டப் பார்த்தது. அதற்குப் பேட்ரிக் பெரிய ஆளாக வேண்டியிருந்தார். முயர்கூ என்பவர் எழுதிய வரலாற்றில் பேட்ரிக் ஸ்லேன் குன்றில் ஈஸ்டர் நெருப்பை மூட்டி, டாரா மன்னனின் ட்ரூயிட் மந்திரவாதிகளோடு மோதி ஜெயிக்கிறார். டீரெகான் என்பவர் எழுதியதோ ஏறக்குறைய ஒரு தலபுராணத் தொகுப்பு: பேட்ரிக் இந்த ஊருக்கு வந்தார், இந்தக் கோயிலை நிறுவினார், ஆகவே இது அர்மாவுக்குச் சொந்தம். 807ஆம் ஆண்டுவாக்கில் ஃபெர்டோம்னாக் என்ற எழுத்தர் இவற்றையெல்லாம் சேர்த்துப் படியெடுத்த ‘அர்மா நூல்’ இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதில் கன்ஃபெஸ்ஸியோவும் உண்டு, ஆனால் முழுசாக இல்லை. பேட்ரிக் தன் பாவத்தையும் தன்மேல் வந்த குற்றச்சாட்டையும் பற்றிப் பேசும் பகுதிகள் அதில் காணோம். வெற்றி வீரனுக்கு அழுகை பொருந்தாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாம்புக் கதை அப்போதும் வரவில்லை. டீரெகானின் பேட்ரிக் மேயோ மாவட்டத்தில் உள்ள மலையில் நாற்பது நாள் நோன்பு இருக்கும்போது அவரைத் தொந்தரவு செய்தவை பறவைகள். வானமும் கடலும் தெரியாத அளவுக்குப் பறவைகள். 764 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்குப் பேரே இப்போது குரோக் பேட்ரிக். ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. பாம்புகளை அவர் கடலுக்குள் விரட்டினார் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான் நன்றாக வடிவம் பெறுகிறது. அப்போது அயர்லாந்தில் நார்மன் படையெடுப்பு நடந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வடக்கே அல்ஸ்டரைப் பிடித்த ஜான் டி கூர்சி என்ற பிரபு, தன் பிடியில் இருந்த டவுன் நகரில் பேட்ரிக், பிரிஜிட், கொலம்பா என்ற மூன்று அயர்லாந்துப் புனிதர்களின் எலும்புகளும் கிடைத்ததாக 1185இல் அறிவித்தார். அந்த நகரம்தான் இன்றைய டவுன்பேட்ரிக். புதிதாக வந்து உட்கார்ந்த ஆட்சியாளனுக்கு ஊர்ப் புனிதரின் ஆசி எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. பேட்ரிக்கின் புதிய வரலாறு ஒன்றை எழுத ஃபர்னஸ் மடத்து ஜோசலின் என்ற துறவியை அமர்த்தியவர்களில் டி கூர்சியும் ஒருவர். பாம்புகள் பெருமையோடு நுழைவது இந்த நூலில்தான்.

ஆனால் அயர்லாந்தில் பாம்பு இல்லை என்பது அதற்கு வெகு முன்பே ஊரறிந்த விஷயம். மூன்றாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் சோலினஸ் அதை எழுதிவைத்திருக்கிறார். பேட்ரிக் அப்போது பிறக்கவே இல்லை. 731இல் இங்கிலாந்தின் பீடு என்ற துறவியும் எழுதினார். ஜோசலினின் காலத்திலேயே வேல்ஸ் நாட்டு ஜெரால்ட், புனிதர்கள் விரட்டினார்கள் என்பது இனிமையான கற்பனை, அந்தத் தீவில் ஆதியிலிருந்தே பாம்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். காரணம் புவியியல். பனியுகத்தில் அயர்லாந்து பெரும்பாலும் பனிப்பாளத்தின் கீழ் கிடந்தது. பனி உருகி நிலம் சூடாகி, பாம்புகள் ஐரோப்பாவின் தெற்கிலிருந்து மெல்ல மெல்ல வடக்கே வந்தபோது, பிரிட்டன் இன்னும் கண்டத்தோடு ஒட்டியிருந்தது. அயர்லாந்தைக் கடல் ஏற்கனவே வெட்டிவிட்டிருந்தது. அதனால்தான் பிரிட்டனில் மூன்று வகைப் பாம்புகள் உண்டு, அயர்லாந்தில் ஊர்வன என்று சொந்தமாக இருப்பது தரையில் ஓடும் ஒரு சின்னப் பல்லி இனம் மட்டும்தான்.

பாம்பு என்றால் பழைய மதத்துக்கு உருவகம், அவர் விரட்டியது ட்ரூயிட்களை என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் பழைய நூல்களில் ட்ரூயிட்கள் ட்ரூயிட்களாகவே வருகிறார்கள், பேட்ரிக் அவர்களோடு நேருக்கு நேர் மோதுகிறார். எழுதியவர்களுக்கு உருவகத்தில் ஒளிந்து பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஏற்கனவே பாம்பில்லாத ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. புகழ்பெற்ற புனிதர் கையருகே இருந்தார். அவ்வளவுதான் விஷயம் என்று நினைக்கிறேன்.

மூன்று இலைக்கு வருவோம். தந்தை, மகன், தூய ஆவி என்ற திரித்துவத்தை விளக்க பேட்ரிக் ஒரு ஷாம்ராக்கைப் பறித்துக் காட்டினார், ஒரு காம்பு, மூன்று இலை என்பது கதை. பேட்ரிக் காலத்துக்கும் இந்தக் கதைக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடித்த சில செப்புக் காசுகளில் பேட்ரிக் கையில் மூன்று இலையோடு நிற்கிறார். 1681இல் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்த தாமஸ் டைன்லி என்ற ஆங்கிலேயர், மார்ச் 17 அன்று எல்லாத் தரப்பினரும் தொப்பியில் சிலுவை அணிகிறார்கள், சாதாரண ஜனங்கள் ஷாம்ராக்கைச் சொருகிக்கொள்கிறார்கள், வாய் மணக்கும் என்று அதைத் தின்னவும் செய்கிறார்கள் என்று எழுதினார். இரவில் நிதானத்தோடு இருப்பவர்கள் குறைவு என்றும் சேர்த்துக்கொண்டார். திரித்துவ விளக்கம் எழுத்தில் முதலில் வருவது 1726இல், கேலெப் த்ரெல்கெல்ட் என்ற மருத்துவர் அயர்லாந்துத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில். மக்களிடையே இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது என்று அவர் பதிவு செய்கிறார். கூடவே, ஷாம்ராக்கை நனைக்கிறோம் என்ற பேரில் அளவுமீறிக் குடிக்கிறார்கள் என்ற புலம்பலும் இருக்கிறது. குடியைக் குறை சொல்வதும் இந்தத் திருநாளின் பழைய மரபுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷாம்ராக் என்று தனியாக ஒரு செடி உண்டா என்றால், அதற்கும் தெளிவான பதில் கிடையாது. டப்ளினைச் சேர்ந்த நதானியல் கோல்கன் என்ற இயற்கை ஆர்வலர் 1890களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உங்களூர் ‘உண்மையான’ ஷாம்ராக்கை வேரோடு அனுப்புங்கள் என்று கேட்டு, வந்ததையெல்லாம் நட்டு, பூக்கும்வரை காத்திருந்தார். ஒரே செடி இல்லை. மஞ்சள் பூப் பூக்கும் சின்னக் குளோவர் முதலிடம், வெள்ளைக் குளோவர் அடுத்தது, அப்புறம் சில்லறையாக வேறு சில. 1988இல் சார்ல்ஸ் நெல்சன் என்ற தாவரவியலாளர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் வரிசை மாறவில்லை. மார்ச் மாதத்தில் இவை எதுவும் பூத்திருக்காது, எல்லாம் ஒரே மாதிரி இளம் மூவிலைதான். அதனால் சண்டைக்கும் முடிவில்லை. நம் புளியாரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடிதான் பழைய ஷாம்ராக் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அதிர்ஷ்டத்துக்கு வைத்திருக்கும் நான்கு இலைக் குளோவரைக் கொண்டுவந்து இதில் சேர்த்தால் மட்டும் அயர்லாந்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நான்கு இலையில் திரித்துவம் ஏது?

நிறத்தின் கதை இன்னும் அரசியல் கலந்தது. பேட்ரிக்கோடு அதிகாரபூர்வமாக முதலில் சேர்ந்த நிறம் நீலம். 1783இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அயர்லாந்துப் பிரபுக்களைக் குளிர்விக்க ‘புனித பேட்ரிக் விருது’ என்ற வீரப்பட்டத்தை ஏற்படுத்தியபோது அதன் நாடா வான நீலமாக இருந்தது. பச்சை எதிர்த் தரப்பின் நிறம். 1640களின் கிளர்ச்சியில் ஓவன் ரோ ஓ’நீல் தங்க யாழ் பொறித்த பச்சைக் கொடியைப் பிடித்தார். 1791இல் தொடங்கி 1798இல் ஆயுதம் ஏந்திய ஐக்கிய அயர்லாந்துக்காரர்கள் இயக்கம் அதையே எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பச்சை அணிவதே ஒரு கட்சியில் சேர்வதாக ஆனது. பேட்ரிக்கின் பெயரில் வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் சிலுவை ஒன்றும் இருக்கிறது. 1801இல் பிரிட்டனோடு அயர்லாந்தை இணைத்தபோது யூனியன் ஜாக் கொடிக்குள் போனது அதுதான். உள்ளூரில் அதைப் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. 1900இல் போயர் போரில் அயர்லாந்துப் படைப்பிரிவுகள் நிறையப் பேரை இழந்த பிறகு, மார்ச் 17 அன்று அவர்கள் ஷாம்ராக் அணியலாம் என்று விக்டோரியா மகாராணி அனுமதித்தார். கலகக்காரனின் இலையை அரண்மனையும் கையில் எடுத்துக்கொண்ட தருணம் அது.

திருச்சபைப் பஞ்சாங்கத்தில் இந்த நாள் இடம்பிடித்ததும் வெளியூரில் நடந்ததுதான். அயர்லாந்துத் திருச்சபை எப்போதோ கொண்டாட ஆரம்பித்துவிட்டது. ஆனால் ரோமின் பொதுப் பஞ்சாங்கத்தில் பேட்ரிக் நுழைந்தது 1630களில். அதற்கு உழைத்தவர் வாட்டர்ஃபோர்டில் பிறந்து ரோமில் வாழ்ந்த லூக் வாடிங் என்ற பிரான்சிஸ்கன் துறவி. பேட்ரிக்குக்கு எந்தப் போப்பும் முறைப்படி புனிதர் பட்டம் கொடுத்ததில்லை, அவர் காலத்தில் அப்படி ஒரு நடைமுறையே கிடையாது. தவக்காலத்தின் நடுவில் விழுவதால் அன்றைக்கு மட்டும் நோன்புக் கட்டுப்பாடு தளரும். விருந்துக்கும் குடிக்கும் அதுவே கதவு திறந்துவிட்டது. எப்போதாவது மார்ச் 17 புனித வாரத்துக்குள் மாட்டிக்கொண்டால் திருச்சபை நாளை நகர்த்திவிடும். 1940இல் குருத்து ஞாயிறோடு மோதி ஏப்ரல் 3க்குப் போனது. 2008இல் மார்ச் 15க்கு வந்தது. அரசு விடுமுறையும் ஊர்வலமும் இதைக் கண்டுகொள்வதில்லை. அடுத்த மோதல் 2160இல்.

ஊர்வலத்துக்கும் இதே கதைதான். பழைய ஊர்வலம் என்று இப்போது சொல்லப்படுவது ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், 1601இல், ஸ்பானியக் காலனியில் நடந்தது. அங்கே பங்கு குருவாக இருந்த ரிக்கார்டோ ஆர்துர் அயர்லாந்துக்காரர். பேட்ரிக் அந்த ஊரின் மக்காச்சோள வயல்களுக்குக் காவலராக இருந்தார் என்று ஸ்பானிய ஆவணங்கள் சொல்கின்றன. இந்த ஆவணங்களை வரலாற்றாய்வாளர் ஒருவர் கண்டெடுத்தது சமீபத்தில்தான். அதுவரை பாஸ்டனும் நியூயார்க்கும் முதலிடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தன. பாஸ்டனில் 1737 மார்ச் 17 அன்று கூடிய அயர்லாந்து அறநிலைச் சங்கம் புராட்டஸ்டன்டுகளுடையது. 1762இல் நியூயார்க் ஊர்வலத்தில் நடந்தவர்களில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கம், பிரிட்டிஷ் எதிர்ப்பு என்று இன்று நாம் ஒட்டவைக்கும் எதுவும் இந்தத் தொடக்கங்களில் இல்லை. 1780இல் மோரிஸ்டவுன் குளிர்கால முகாமில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைக்கு மார்ச் 17 அன்று விடுமுறை கொடுத்தார், அங்கேதான் காற்று பிரிட்டிஷுக்கு எதிராகத் திரும்புகிறது.

எல்லாவற்றையும் மாற்றியது பஞ்சம். 1845இலிருந்து 1852 வரை உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்றது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து இறங்கிய இந்த ஏழைக் கத்தோலிக்கர்களைக் குடிகாரர்கள், காட்டுமிராண்டிகள் என்று பத்திரிகைகள் குரங்கு முகத்தோடு வரைந்தன. அவர்களிடம் இருந்த ஒரே பலம் எண்ணிக்கை. மார்ச் 17 ஊர்வலம் அந்த எண்ணிக்கையை வீதியில் காட்டும் நாளாக மாறியது. இத்தனை தலைகள், இத்தனை ஓட்டுகள். கொஞ்ச காலத்தில் மேயர்களும் ஆளுநர்களும் பச்சை டை கட்டி முன்வரிசையில் நடக்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பதே வழக்கானது. 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன்பாலின ஈர்ப்பாளர் குழுவைச் சேர்த்துக்கொள்ளும்படி பாஸ்டன் ஊர்வல அமைப்பாளர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. நியூயார்க்கில் அந்தக் கதவு 2015இல்தான் திறந்தது.

சிகாகோ ஆறு பச்சையாவது பக்தியில் பிறந்ததல்ல, சாக்கடையில் பிறந்தது. எந்தக் கட்டடம் ஆற்றில் கழிவை விடுகிறது என்று கண்டுபிடிக்கக் குழாய்ப் பணியாளர்கள் ஒரு சாயத்தை ஊற்றிப் பார்ப்பார்கள். அந்தச் சாயம் பட்டு ஒருவரின் வெள்ளை உடுப்பு பச்சையாகியிருந்ததைப் பார்த்த தொழிற்சங்கத் தலைவர் ஸ்டீபன் பெய்லிக்கு யோசனை தட்டியது. அன்றைய மேயர் ரிச்சர்ட் டேலியும் அயர்லாந்து வம்சாவளி, தடையேதும் இல்லை. 1962இல் முதல்முறை 100 பவுண்டு சாயத்தைக் கொட்டியதில் ஆறு ஒரு வாரம் பச்சையாகக் கிடந்தது. இப்போது தாவரச் சாயம், சில மணி நேரம்தான். கொட்டும்போது அது ஆரஞ்சு நிறப் பொடி, தண்ணீர் பட்டதும் பச்சை. சாப்பாட்டிலும் இதே போல் ஒரு புலம்பெயர்ப்பு நடந்தது. ஊரில் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் சாப்பிட்டவர்கள், நியூயார்க்கில் யூதக் கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த உப்பிட்ட மாட்டுக்கறிக்கு மாறினார்கள். அமெரிக்காவில் அதுவே ‘பாரம்பரிய’ விருந்து. டப்ளினில் கேட்டால் விழிப்பார்கள்.

அயர்லாந்தில் மார்ச் 17 பொது விடுமுறையானது 1903இல். ஊர்வலத்தை அரசு கையில் எடுத்தது சுதந்திரத்துக்குப் பிறகு 1931இல். மதுக்கடைத் தடை 1960இல் நீங்கியது. இன்று பார்க்கும் பல நாள் டப்ளின் திருவிழா 1996இல் தொடங்கியது. அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் எதிர்பார்த்து வந்ததை உள்ளூரில் கொடுக்க ஆரம்பித்தார்கள் என்று சற்றே கறாராகச் சொல்லலாம். ராஜதந்திரமும் சேர்ந்துகொண்டது. 1952இல் அயர்லாந்துத் தூதர் ஜான் ஹெர்ன் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஒரு சின்னப் பெட்டி ஷாம்ராக் அனுப்பினார். ட்ரூமன் ஊரில்கூட இல்லை. அந்தப் பெட்டிதான் வளர்ந்து, ஒவ்வொரு மார்ச்சிலும் அயர்லாந்துப் பிரதமர் வெள்ளை மாளிகைக்குப் படிகக் கிண்ணத்தில் ஷாம்ராக் கொண்டுபோகும் சடங்கானது. ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள நாட்டின் தலைவருக்கு வருடா வருடம் அமெரிக்க அதிபரோடு ஒரு சந்திப்பு உறுதி என்பது லேசான விஷயமா?

பேட்ரிக்கின் பெயர் நம் பக்கம் வந்ததும் அயர்லாந்து மறைப்பணியாளர்கள் வழியாகத்தான். 1850இல் தொடங்கிய யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பள்ளி 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி ஆனது. அடையாறில் உள்ள செயின்ட் பேட்ரிக் பள்ளியை நடத்தும் பேட்ரீசியன் சகோதரர்கள் சபை, 1808இல் அயர்லாந்தின் டல்லோ ஊரில் நிறுவப்பட்டது.

அயர்லாந்துக்கு வெளியே மார்ச் 17 பொது விடுமுறையாக இருக்கும் மிகச் சில இடங்களில் கரீபியனில் உள்ள சின்னஞ்சிறு மொன்செராட் தீவும் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்காரர்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் வந்தார்கள். சிலர் மேலே ஏறிக் கரும்புத் தோட்ட முதலாளிகளானார்கள், ஆப்பிரிக்க அடிமைகளை வாங்கினார்கள். 1768 மார்ச் 17 அன்று முதலாளிகள் குடித்துக் கும்மாளமிடும் நேரம் பார்த்துக் கிளர்ச்சி செய்ய அடிமைகள் திட்டமிட்டார்கள். திட்டம் கசிந்துவிட்டது, தலைமை தாங்கியவர்களைத் தூக்கிலிட்டார்கள். மொன்செராட் கொண்டாடுவது அந்தக் கிளர்ச்சியை. அங்கே ஷாம்ராக் உண்டு, பச்சை உடுப்பு உண்டு, அதோடு ஆப்பிரிக்க மேளம், முகமூடி நடனம், ‘கோட் வாட்டர்’ என்னும் ஆட்டுக்கறிக் குழம்பு. 16 வயதில் அடிமையாகப் பிடிபட்ட ஆளின் திருநாளில், அடிமைகளைப் பற்றிப் பேசும் ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 1995இல் சீறத் தொடங்கிய எரிமலை தலைநகர் பிளிமத்தைப் புதைத்துவிட, தீவின் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிரிட்டனுக்கும் பக்கத்துத் தீவுகளுக்கும் போய்விட்டார்கள். அவர்களில் பலர் ஊருக்கு வந்துபோக மார்ச் நடு வாரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தீவில் கூட்டம் அதிகமாக இருக்கும் வாரம் அது.